நகைக்கு அடியில் அச்சம்

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்னும் பெயரால் போற்றிக் கலம்பகம் பாடியவர் வீரமாமுனிவர் (1680-1747). அவர் இயற்றிய பரமார்த்த குருவின் கதை, தமிழ் கற்க வந்த ஐரோப்பியர்க்குப் பேச்சுவழக்கைப் பயிற்றும் பொருட்டு எழுந்தது. அதனை 1822இல் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார். இந்நூலை வெறும் நகைச்சுவை நூலென்றே பலரும் கொள்வர். அக்கொள்கை நூலின் ஒரு பாதியையே காண்பதாகும்.

நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் பேதைமையையும் மடனையும் வைத்தெண்ணுவர் தொல்காப்பியர். பேதை, மடையன் என்னும் சீடர்தம் பெயர்களே அவற்றை நினைவூட்டுகின்றன. ஆற்றைக் கடந்தபின் தம்மை விடுத்துப் பிறரை எண்ணி ஒருவர் குறைந்தாரென அழும் பகுதிக்கு இவ்விளக்கம் முற்றும் பொருந்தும்.

ஆயின், குதிரைப் பயணப் பகுதிக்கு அது போதாது. கீழே விழுந்த தலைப்பாகையைச் சீடர் எடுத்திலர். எடுக்குமாறு குரு சொல்லவில்லை என்பது அவர்தம் விடை. விழுவன யாவற்றையும் எடுமின் என்றார் குரு, சாணத்தையும் எடுத்தனர். அதற்கும் கடிந்துரைக்கவே, எடுக்கத்தக்கவற்றை எழுதித் தருமாறு வேண்டினர். பின்னர்க் குருவே குழியில் விழுந்தபோது, ஓலையிற் கண்ட ஆடைகளை எடுத்துக்கொண்டு, ஓலையில் இல்லாத அவரை விடுத்தனர். தம்மையும் எடுக்குமாறு அவர் எழுதித் தந்த பின்னரே தூக்கினர்.

இதனை மடமை ஒன்றே எனல் பொருந்துமோ? பொருந்தாது. எழுத்தைப் படிக்கவும், முன்னைய கட்டளையை நினைவிற் கொண்டு வழக்காடவும் வல்லவர் அவர். ஒன்றை அடைய விழையும் ஊக்கம் வேறு, ஒன்றினின்று தப்ப விழையும் ஊக்கம் வேறு என்பர் உளநூலார். சீடரை இயக்குவது பின்னதே. ஓலை, குருவைக் காக்கும் கருவியன்று. கடிந்துரையினின்று சீடரைக் காக்கும் கவசம். அச்சத்தின் நிலைக்களன்களுள் ‘இறை’யைத் தொல்காப்பியர் சேர்த்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

சொல் பொருளை வெளிப்படையாகவும் குறிப்பாகவும் உணர்த்தும் என்பது நம் இலக்கண மரபு. சொல்வோன் கருத்தை உணர்தலே பொருளுணர்ச்சி என 1957இல் கிரைசு என்னும் மெய்யியலார் நிறுவியதும் இதனோடு ஒப்புநோக்கற்பாலது. அச்சம் மிகும்போது கேட்போன் குறிப்பைக் கைவிட்டு வெளிப்படையையே பற்றுகின்றான் என்னும் உண்மையை இக்கதை காட்டுகின்றது.

ஐந்து சீடரும் தனித்தனி இயல்பின்றி ஓரச்சாக அமைந்தமை நூலின் குறையே. எனினும், உரையை மனனம் செய்து ஒப்பித்துப் பொருளை இழக்கும் மாணவரைக் காணுந்தோறும், அவ்வோலையை எழுதுவித்தவர் யாவர் என ஆசிரியராகிய நாம் வினவிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.