பங்காளி யார்?

இலக்கிய விமர்சனம் என்றதும் நாவல், கவிதை, சிறுகதை ஆகியவற்றையே எடுத்துக்கொள்வது நம்மிடையே மரபாகிவிட்டது. பல்லாயிரம் பேர் எழுதியும் பல்லாயிரம் பேர் வாசித்தும் விமர்சகரின் கண்ணிற் படாது போன உரைநடை வகைகள் உள. கடல்கடந்த நாடொன்றிலுள்ள சகோதர சபைக்கு உதவச் சென்று மீளும் மிஷன் தொண்டர், தம்மை அனுப்பிய சபையாருக்கு எழுதும் அறிக்கை அவற்றுள் ஒன்று. பாய்க்கப்பற் காலத்துப் பாதிரிமாரின் நீண்ட கடிதங்கள் முதல், இன்று இரண்டு வாரம் சென்று வரும் வாலிபரின் இரண்டு பக்கக் குறிப்பு வரை, இவ்வகையின் அமைப்புப் பெரிதும் மாறவில்லை. பயணத்தின் அலுப்பு, வரவேற்பு, வறுமையைக் கண்ட அதிர்ச்சி, கட்டியெழுப்பிய சுவர், குழந்தைகளின் சிரிப்பு, கொடுத்ததிலும் பெற்றதே பெரிது என்னும் நெகிழ்ச்சி. இவ்வரிசை தவறுவது அரிது.

எழுதுவோரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. தமது விடுமுறையையும் சேமிப்பையும் செலவிட்டு, வெயிலில் நின்று மண் சுமந்தவரை ஏளனஞ் செய்வது முற்போக்கு ஆகாது. நாம் நோக்குவது அவர்தம் வசனத்தை. அதில் எழுவாய் எப்பொழுதும் வந்தவரே. கட்டினோம், கற்பித்தோம், மருந்து கொடுத்தோம், செபித்தோம். அங்கு வாழ்பவரோ 'அவர்களுக்கு' என்ற ஒரு சொல்லினுள் அடங்கிவிடுகின்றனர். நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு எனப் பல பொருள் உண்டென்று வகுப்பறையில் நாம் கற்பிக்கிறோம். இவ்வறிக்கைகளில் கொடை ஒன்றே எஞ்சி நிற்கிறது.

இது வெறும் நடையின் குறைபாடு அன்று. கூரையும் கூலியும் இதிலே சம்பந்தப்பட்டுள்ளன என்பதற்கு மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டூராஸ் நாட்டின் அனுபவம் சான்று. 1998ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் 'மிச்' என்ற சூறாவளி அந்நாட்டைச் சிதைத்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், மலைச்சரிவுகளோடு ஊர்கள் அடிபட்டுப் போயின. வீடிழந்தோருக்கு வீடு கட்டவென வட அமெரிக்கச் சபைகளிலிருந்து தொண்டர் குழுக்கள் சென்றன. அங்கு அவர்களை வரவேற்று வேலையில் அமர்த்தியது உள்ளூர்க் கிறிஸ்தவ நிறுவனமொன்று. பின்னர், கேர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் அவ்வேலையை ஆராய்ந்து 2006இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் சமயத்தின் விரோதியல்லர்; கிறிஸ்தவக் கல்லூரியொன்றின் ஆசிரியர், ஹொண்டூராசிலே வாழ்ந்தவர். அதனாலேயே அவர் கணக்குக் கனமுடையதாகிறது. தொண்டர் குழு கட்டிய ஒரு வீட்டுக்கு, விமானப் பயணம் உட்பட, ஏறத்தாழ 30,000 டொலர் செலவாயிற்று. உள்ளூர் நிறுவனம் தானே ஆள்வைத்துக் கட்டிய வீட்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலர்.

ஒன்றின் செலவிற் பதினைந்து. மிகுதிப் பதினான்கு வீடுகளும் ஆகாயத்திற் பறந்து போயின என்று சொன்னால் அது மிகையாகாது. சூறாவளியால் தொழிலிழந்து நின்ற மேசன்மாரும் கூலியாட்களும் அவ்வூர்களில் இருந்திருப்பர். அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, சாந்து குழைத்துப் பழகாத கல்லூரி மாணவர் சுவர் எழுப்பினர். வீடு பெற்ற குடும்பங்களிடமும் வெர் பீக் விசாரித்தார். யார் கட்டினார்கள் என்பதால் அக்குடும்பங்களின் வாழ்வில் வேறுபாடு எதுவும் ஏற்பட்டதாக அவர் காணவில்லை. அவ்வளவு பணத்தை அனுப்பியிருந்தால் மேலும் பல வீடுகள் எழுந்திருக்குமே என்ற கருத்தைப் பலர் தெரிவித்தனர். வந்தவர்களோ இப்பயணம் தம் வாழ்வையே மாற்றிவிட்டதாகவும், தாம் முன்னிலும் அதிகம் கொடுப்பதாகவும் கூறினர். நன்கொடைப் பதிவேட்டில் அம்மாற்றத்தின் சுவடு மிகச் சிறிதே தென்பட்டது.

கேட்டபோதுதான் சொன்னார்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. வாசலில் வந்து நிற்கும் விருந்தினரைப் பார்த்து, உன் பயணச்சீட்டின் விலையைத் தந்துவிட்டு வீட்டிலேயே இரு என்று சொல்ல எந்த ஏழைக்கு நா எழும்? அந்த மௌனமே அறிக்கையிற் புன்னகையாகப் பதிவாகிறது.

இவ்வகை எழுத்துக்கு எதிராக எழுந்த குரல்களுள் மிகவும் கூர்மையானது இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குருவினுடையது. 1968 ஏப்ரல் 20ஆம் திகதி, மெக்சிக்கோவிலுள்ள குவேர்ணவாக்கா நகரில், கிராமங்களுக்குக் கோடைத்தொண்டு செய்யவிருந்த அமெரிக்க மாணவரிடையே அவர் உரையாற்றினார். அழைத்தவர்களின் முகத்துக்கு நேரே, நல்லெண்ணம் ஒரு தகுதியாகாது என்றார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதே அவ்வுரையின் சாரம். தொண்டன் தன்னை அறியாமலே தன் நாட்டு மத்தியதர வர்க்க வாழ்க்கைமுறையின் விற்பனையாளனாகிறான் என்று அவர் காட்டிய இடம், நம் மாணவர் ஊன்றிப் படிக்கவேண்டியது. ஏழைகளிடையே உழைக்க விரும்பினால், உங்கள் பாஷையிலேயே உங்களைத் திருப்பி ஏசக்கூடிய உங்கள் நாட்டு ஏழைகளிடம் போங்கள் என்றும் அவர் கூறினார்.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. இல்லிச்சின் உரையிலும் மெக்சிக்க விவசாயி வாய்திறக்கவில்லை. அவன் என்ன நினைக்கிறான் என்பதை வியன்னாவிற் பிறந்த குருவானவரே சொல்கிறார். ஒருவர் போய் மற்றொருவர் அவனுக்காகப் பேச வந்திருக்கிறார். அவனுடைய இடம் மாறவில்லை. இல்லிச்சை வியந்து மேற்கோள் காட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை.

அவ்விடத்திலிருந்தே எழுந்து பேசியவர் ஒருவர் இருந்தார். அவர் தமிழர். 1874இல் திருநெல்வேலி வெள்ளாளன்விளையிற் பிறந்த வே. ச. அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷன் மகாநாட்டில் உரையாற்றினார். ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் இருந்த அம்மண்டபத்தில் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. வெள்ளையரின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. உடைமையையும் உயிரையும் கொடுத்தீர்கள் என்று ஏற்றுக்கொண்டார். சம்பளங் கொடுப்பவனும் வாங்குபவனுமாகவே நாம் நிற்கிறோம், எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். நாம் மேலே சொன்ன வேற்றுமையில் கொடையை விலக்கி நட்பைக் கேட்டார் எனலாம். பணத்தை அனுப்பிவிட்டு ஆளை நிறுத்துவதுதான் தீர்வா என்று கேட்போருக்கும் இதில் பதில் உண்டு. ஆள் வருவதை அசரியா வெறுக்கவில்லை. எசமானாக வருவதையே வெறுத்தார்.

மானிப்பாய் வைத்தியர் சமூவேல் கிறீனை இங்கு நினைக்காதிருக்க முடியாது. 1847இல் வந்த அவ்வமெரிக்கர் தமிழைக் கற்றார், தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்குவித்தார், 1873இல் நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கினார். குணப்படுத்துதல் என்ற வினைக்குத் தமிழரை எழுவாயாக்கியவர் அவர். இரண்டு வாரத்தில் இது ஆகாது.

கென்யாவின் யோன் கட்டு இன்னும் ஒரு படி சென்றார். பிரெஸ்பிற்றேரியன் சபையின் தலைவர்களுள் ஒருவரான அவர், 1971இல் அமெரிக்க மண்ணிலேயே நின்று, மிஷனரிமாரை ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் திருப்பியழையுங்கள் என்றார். 1974இல் லுசாக்காவில் கூடிய அனைத்து ஆபிரிக்கச் சபைகளின் மகாநாடு அக்கோரிக்கையை ஆதரித்தது. ஆனால் அது முழுமையாக நிறைவேறவில்லை. சம்பளப் பட்டியலும் பாடசாலைகளும் வெளிநாட்டுப் பணத்தில் நிற்கையில், வரவேண்டாம் என்று சொல்லும் உரிமைக்குக்கூட விலை இருக்கிறது.

இன்று சபைகள் 'பங்காளி' என்ற சொல்லை விரும்பிக் கையாள்கின்றன. நல்ல சொல். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனிடம் கேட்டால் அதன் பொருளைச் சொல்வான். பங்குக் கிணற்றிற் பங்குள்ளவன் உறுதியிற் பெயர் எழுதப்பட்டவன். அவன் தன் முறைக்குத் தண்ணீர் இறைப்பான். முறை தவறினால் வேலியில் நின்று சத்தம் போடுவான். கணக்குக் கேட்பான். சிரித்த முகத்தோடு படத்துக்கு நிற்பவனை எவரும் பங்காளி என்பதில்லை.

இவ்வளவும் சொன்ன நமக்கும் இதிலொரு பங்கு உண்டு. 1902இல் அசரியா யாழ்ப்பாணம் வந்தபோது, இங்குள்ள கிறிஸ்தவ மாணவர் தாமே பணந்திரட்டித் தமிழகக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பிவந்ததைக் கண்டார். அக்காட்சி அவரைத் தூண்டியது. மறுவருடமே பாளையங்கோட்டையில், இந்தியரின் ஆளும் பணமும் நிருவாகமும் கொண்ட மிஷன் சங்கம் தோன்றியது. பெறுவோராகவே எண்ணப்பட்டவர்கள் அனுப்புவோரான வரலாறு அது, நாம் பெருமைப்படலாம். ஆனால் அனுப்பிய நம்மவரும் ஊருக்கு அறிக்கை எழுதியிருப்பர். பழைய சஞ்சிகைக் கட்டுகளை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அவிழ்த்து, அமெரிக்கரைப் படித்த அதே கண்ணோடு அவற்றையும் படிக்கட்டும். தொண்டியூரார் அங்கே எந்த வேற்றுமையில் நிற்கின்றனர்?