சுவரில் நீலம்: அளவும் ஒளியும்

இல்லத்தின் உட்சுவர்கள் அனைத்தையும் அடர்நீல வண்ணத்தால் மூடும் போக்கு நம் கரிசல் பகுதியிலும் தலைகாட்டுகிறது. நீலம் இஸ்லாமியக் கலைக்கே உரிய நிறம் என்பாரும், அதற்குச் சான்றாக இஸ்தான்பூலின் சுல்தான் அகமது பள்ளிவாசலைக் காட்டுவாரும் உளர். அச்சான்றைச் சற்று ஆராய்தல் நலம்.

1609இல் தொடங்கப்பட்ட அப்பள்ளியின் உட்புறத்தை இஸ்னிக் நகரத்து ஓடுகள் 20,000க்கு மேல் அணிசெய்கின்றன. அவ்வோடுகளின் பின்புலம் பெரும்பாலும் வெண்மையே. கோபால்ட் தந்த நீலம் அதன்மீது மலராகவும் கொடியாகவும் படர்கிறது. 200க்கும் மேற்பட்ட சாளரங்கள் அதற்கு ஒளியூட்டுகின்றன.

இந்த அளவறிவு நாகலாபுரம் வட்டாரத்துக்கும் புதிதன்று. சுண்ணாம்பு நீரில் சிறிது நீலம் கரைத்து வெள்ளையடிப்பது இங்குள்ள பழைய வழக்கம். வெள்ளைத் துணிக்கு இடும் அந்நீலம் அல்ட்ராமரைன் எனப்படும். அதைச் செயற்கையாக ஆக்கியமைக்காக கிமே என்ற பிரெஞ்சுக்காரர் 1828இல் பரிசு பெற்றார். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் அது, சுவரின் மஞ்சள் சாயலை மறைத்து வெண்மையை மிகுவிக்கிறது.

வெயிலுக்கு அஞ்சிச் சாளரங்களைச் சிறிதாக வைத்த வீடுகள் நம்முடையவை. உள்ளே நுழையும் சிறிதளவு ஒளியையும் அடர்நீலச் சுவர் விழுங்கிவிடுகிறது. முதியோர் குர்ஆனை விரித்து ஓதப் பகலிலும் மின்விளக்கை நாட நேர்கிறது. ஒரு மாடத்திலோ கதவிலோ நீலத்தை நிறுத்தி, எஞ்சிய சுவர்களை வெண்மைக்கு விடுவதே அப்பள்ளியின் கலைக்கு நாம் செய்யும் மரியாதை.