யாருமில்லாத ரோட்டை யார் போட்டது?

தெற்கு பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிய வழிகாட்டிகளையும் பயணக் குறிப்புகளையும் வரிசையாகப் படித்தால் ஒரே வாக்கியம் வேறு வேறு உடுப்பில் திரும்பத் திரும்ப வரும். மணிக்கணக்கா ஓட்டினோம், எதிரே ரெண்டே ரெண்டு கார்தான் வந்தது என்கிற வாக்கியம். பொய் இல்லை. அப்படிப்பட்ட ரோடுகள் அங்கே நிஜமாகவே இருக்கு, நிறையவே இருக்கு. என் புகார் வேறு. அந்த அமைதியை வெயில், மலை, ஆறு மாதிரி இயற்கை கொடுத்த பொருளாக எழுதிவிடுகிறார்கள். அது எங்கே கிடைக்கும் என்று காட்ட மூன்று கருவிகளை நம்புகிறார்கள்: மிஷெலின் மேப்பில் பச்சைக் கரை போட்ட சாலை, மோட்டார் வண்டி நுழையாத 'வுவா வெர்த்' என்ற பசுமை வழி, செயலிகளின் ஹீட்மேப். மூன்றில் ஒன்றுகூட அமைதியை அளக்கச் செய்யப்பட்டது இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் மேப். மிஷெலின் ஒரு டயர் கம்பெனி. ஜனங்கள் அதிகம் ஊர் சுற்றினால் டயர் அதிகம் தேயும். அந்தக் கணக்கில்தான் 1910இல் பிரான்ஸ் முழுவதையும் 1:2,00,000 அளவில் வரைய ஆரம்பித்தார்கள். காகிதத்தில் 1 செ.மீ. என்றால் தரையில் 2 கி.மீ. சைக்கிள்காரருக்கு இதில் தங்கமான விஷயங்கள் உண்டு. ஏற்றத்தைக் காட்டும் சின்ன அம்புக்குறிகளையே எடுத்துக்கோங்க. ஒரு அம்பு என்றால் 5 முதல் 9 சதவீதம், ரெண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். கால் வலிக்குமா வலிக்காதா என்பதை வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிடலாம்.

சிக்கல் வண்ணத்தில் இருக்கு. சிவப்பு முக்கியச் சாலை, மஞ்சள் அதற்கு அடுத்தது, வெள்ளை மற்றதெல்லாம். இது சாலை வலையில் ஒரு ரோட்டுக்கு இருக்கும் அந்தஸ்து. அதில் எத்தனை வண்டி ஓடுகிறது என்பது வேறு சமாச்சாரம். பச்சைக் கரையோ இன்னொரு படி மேலே போகிறது: 'இது அழகான சாலை, வந்து பாருங்க' என்று காரில் வருகிறவரை அழைக்கும் குறி அது. வழிகாட்டிகள் அதையே அப்படியே சைக்கிளுக்கும் சிபாரிசு செய்துவிடுகின்றன.

விளைவு என்ன? தார்ன் பள்ளத்தாக்கில் ஓடும் டி 907பிஸ், ஆர்தேஷ் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் போகும் டி 290. ரெண்டும் அழகில் குறை சொல்ல முடியாத சாலைகள். ஆகஸ்டில் அங்கே கேம்பர் வேன்கள், தோணிகளை அடுக்கி இழுத்துப் போகும் வண்டிகள், கூட்டமாக வரும் மோட்டார் பைக்குகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், ஒதுங்க இடம் கிடையாது. சட்டப்படி ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விடணும். எதிரே ஒரு வேன் வரும்போது அந்த ஒன்றரை மீட்டரை எங்கிருந்து எடுப்பது?

தார்னில் இருந்து சுமார் 400 மீட்டர் ஏறினால் கோஸ் மெஜான் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம், ஆடுகள், காற்று, மொத்தமாகவே சில நூறு பேர். வெள்ளைக் கோடுகள் மேட்டின் குறுக்கே ஊருக்கு ஊர் போகின்றன. வழிகாட்டியின் அட்டைப்படத்தில் பள்ளத்தாக்கு இருக்கும். வாசகர் தேடி வந்த அமைதியோ மேலே இருக்கும். ஒரே மேப்பில் விரல்கடை தூரம்தான் வித்தியாசம்.

அடுத்தது பசுமை வழி. கரோன் கால்வாயை ஒட்டித் துலூஸ் வரைக்கும் தார் போட்ட வழி உண்டு. சமதளம், நிழல், குழந்தைகளோடு போக அருமையான இடம். ஆனால் துலூஸுக்குக் கிழக்கே மிடி கால்வாயில் சுமார் 50 கி.மீ. நல்ல வழிக்குப் பிறகு, ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் மண்ணும் மர வேரும்தான் பல இடங்களில். ஒல்லி டயர் சைக்கிளுக்கு அது ஆகாது. இதைப் பல குறிப்புகள் ஒரு அடிக்குறிப்போடு தாண்டிவிடுகின்றன.

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. மசாமேயிலிருந்து பெதாரியூ போகும் பாசா பாயிஸ் வழி மாதிரி, பல பசுமை வழிகள் பழைய ரயில் பாதைகள். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது, அதனால் பாதை பள்ளத்தாக்கின் அடிவாரத்தையே பிடித்துக்கொண்டு போகும். சரிவில் உட்கார்ந்திருக்கும் ஊர்கள் மேலேயே நின்றுவிடும். ஊருக்குள் நுழையாமலே ஊர்ப்புறத்தைப் பார்த்துவிட்டு வரலாம். சைக்கிளுக்குத் தனி வழி வேண்டும் என்ற எண்ணம் அழுத்தமாகப் பதிந்துவிட்டால், பக்கத்திலேயே கிடக்கும் சாதாரண ரோடு கண்ணில் படாது. பிரான்ஸின் 10 லட்சம் கி.மீ.க்கும் மேற்பட்ட சாலைகளில் பாதிக்கும் மேல் கிராமப் பஞ்சாயத்து மாதிரியான கொம்யூன்களின் கையில் இருப்பவை. சைக்கிள் வழி என்று பெயர்ப்பலகை இல்லாத சைக்கிள் வழிகள் அவை.

மூன்றாவது ஹீட்மேப். எங்கே நிறைய பேர் ஓட்டினார்களோ அங்கே கோடு பளிச்சென்று எரியும். பெதுவானிலிருந்து மோன் வாந்து உச்சிக்கு ஏறும் டி 974 தகதகவென்று இருக்கும். சுமார் 21 கி.மீ.யில் 1,600 மீட்டர் ஏற்றம், டூர் தெ பிரான்ஸ் ஏறிய மலை, எரியாமல் என்ன செய்யும்? ஆனால் அது காட்டுவது புகழை. எரிகிற கோட்டைப் பார்த்து இன்னும் பத்து பேர் போகிறார்கள், கோடு இன்னும் எரிகிறது. அமைதியான ரோடு அதில் மங்கலாகத்தான் இருக்கும். மங்கலாக இருப்பதாலேயே சிபாரிசில் வராது. நியாயமாகச் சொன்னால் ஒரு உபயோகம் உண்டு: மங்கலாகவாவது ஒரு கோடு இருந்தால் யாரோ முட்டுச்சந்தில் மாட்டாமல் போய் வந்திருக்கிறார்கள் என்று தைரியம் கொள்ளலாம். அவ்வளவுதான்.

சரி, அப்போ அந்த அமைதி எங்கிருந்து வருது? பதில் சாலைகளின் வரலாற்றில் இருக்கு. 1836 மே மாதம் வந்த சட்டம் ஒவ்வொரு கொம்யூனும் தன் ஊர்ப்பாதைகளைப் பராமரித்தே ஆகவேண்டும் என்றது. காசு இல்லாத ஊர்கள் உழைப்பாக வசூலித்தன. வேலை செய்ய முடிந்த ஆண்கள் வருஷத்துக்கு மூன்று நாள் வரை ரோட்டு வேலைக்கு வரணும்; மாடு, குதிரை, வண்டி வைத்திருந்தால் அவற்றுக்கும் அதே கணக்கு. இந்தப் பக்கத்து ஊரிலிருந்து அந்தப் பக்கத்து ஊருக்குச் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் மாவு மில்லுக்கும் போக, ஜனங்கள் தங்கள் கையால் போட்ட பாதைகள் அவை. பின்னால் தார் வந்தது.

ஆனால் ஜனங்கள் போய்விட்டார்கள். லோசேர் மாவட்டத்தில் 1851இல் சுமார் 1,44,000 பேர் இருந்தார்கள். இன்று ஏறத்தாழ 77,000 பேர். ஐரோப்பாவுக்குள் இருக்கும் பிரான்ஸில் இதுதான் ஆகக் குறைந்த ஜனத்தொகை கொண்ட மாவட்டம். சுரங்கத்துக்கும், திராட்சைத் தோட்டச் சமவெளிக்கும், பாரிஸுக்கும் ஆள் போனது, ரோடு போகவில்லை. ரெண்டு மடங்கு ஜனத்துக்குப் போட்ட வலையில் பாதி ஜனம் வாழ்கிறது. சைக்கிள்காரர் அனுபவிக்கிற அமைதியில் பெரும்பங்கு இதுதான். இன்னொருவர் ஊரைவிட்டுப் போன சத்தமின்மை.

இன்னொரு வகை அமைதியும் உண்டு, அது பெரிய ரோடு கொடுத்தது. ஒரு காலத்தில் கோடை விடுமுறை என்றாலே மியோ நகரத்து நெரிசல் நாடு முழுக்கப் பிரசித்தம். ஏ 75 நெடுஞ்சாலை வந்து, 2004 டிசம்பரில் மியோ பாலமும் திறந்த பிறகு, நெடுந்தூர வண்டிகள் மேலே ஏறிவிட்டன. பழைய தேசியச் சாலை என் 9, லோசேரிலும் அவேரோனிலும் டி 809 ஆகப் பெயர் மாறி மாவட்டத்தின் கைக்கு வந்தது. 2006 வாக்கில் இப்படி நாடு முழுக்க ஏறத்தாழ 18,000 கி.மீ. கைமாறியது. லாரிகளுக்காகப் போட்ட அகலம், மிதமான ஏற்றம், இன்று போவதோ பெரும்பாலும் உள்ளூர் வண்டி. ஊர்களை நெருங்கும்போது மட்டும் கொஞ்சம் கூடும். 'சின்ன ரோடுதான் அமைதி' என்று மனப்பாடம் செய்தவருக்கு இது கண்ணில் படாது.

காரணம் தெரிந்தால் தேடுவது சுலபம். பக்கத்தில் வேகமான இன்னொரு வழி இருக்கிற வெள்ளைக் கோட்டை எடுங்க. ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரே வழி என்றால் அது வெள்ளையாக இருந்தாலும் எல்லா வண்டியும் அதில்தான் வரும். மோன்பெலியே, நீம், துலூஸ் மாதிரி நகரங்களைச் சுற்றி வேலைக்குப் போய்வருகிறவர்களின் வளையத்தைத் தாண்டுகிற வரை சின்ன ரோட்டையும் நம்பாதீங்க. நேரமும் ஒரு மேப்தான்: பகல் 12 முதல் 2 வரை ஊரே சாப்பாட்டில் இருக்கும், ரோடு காலி. கடையும் மூடியிருக்கும், அதனால் ரொட்டியை அதற்கு முன்பே வாங்கிக்கணும். மாவட்டங்கள் வெளியிடும் வண்டிக் கணக்கு உதவும். ஆனால் அது வருஷச் சராசரி; பிப்ரவரியின் வெறுமை ஆகஸ்டின் கூட்டத்தை மறைத்துவிடும்.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. அமைதியை இயற்கை என்று எழுதினால், அது எப்போதும் இருக்கும் என்று வாசகர் நம்புவார். நூறு பேர் கொண்ட ஒரு கொம்யூன், பல கி.மீ. மலைப்பாதைக்குத் தார் போட, மழையில் சரிந்த தாங்குசுவரைத் திரும்பக் கட்ட, தன் சின்ன பட்ஜெட்டில் இடம் தேடுகிறது. கோடையில் தாரைத் தெளித்துப் பொடி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போவார்கள், சைக்கிள்காரர்கள் திட்டுவார்கள். அந்த ஜல்லிதான் அந்த ரோடு இன்னும் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். ஆள் இன்னும் குறைந்தால் எந்த ரோட்டை முதலில் கைவிடுவார்கள்? வண்டி குறைவாக ஓடுகிற ரோட்டைத்தான். அதாவது, நமக்குப் பிடித்ததை.

அதனால் வழிகாட்டி எழுதுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. ஏற்றம், தூரம், காட்சி எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு வழிக்கும் கூடவே மூன்று வரி சேருங்க: இந்த ரோடு ஏன் காலியாக இருக்கு, எந்த மாதத்தில் எந்த நேரத்தில் காலி, இதை யார் பராமரிக்கிறார்கள். முதல் ரெண்டு வரி சைக்கிள்காரரின் உயிருக்கு நல்லது. மூன்றாவது வரி, போகிற வழியில் இன்னும் திறந்திருக்கிற ஒரு ரொட்டிக் கடையில் அவரை இறங்க வைக்கும்.