காரணம் கேட்கும் முறையும் கையெழுத்தாகும் திட்டமும்

பேச்சு வராத ஓர் இளைஞர், விடுதியில் வசிப்பவர், தினமும் மாலையில் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய விடுதிகள் இதற்குக் கையைக் கட்டும், இல்லையென்றால் மயக்க மருந்து கொடுக்கும். நேர்மறை நடத்தை ஆதரவு என்ற முறை, முதலில் காரணத்தைத் தேடச் சொல்கிறது. ஏன் மாலையில் மட்டும்? பல்வலியா, காதுவலியா? அந்த நேரத்தில்தான் பணியாளர்கள் மாறுகிறார்களா? கூடத்தில் அலறும் தொலைக்காட்சி அவருக்குத் தாங்கவில்லையா? காரணம் பிடிபட்டால் மாற்ற வேண்டியது அந்த வீட்டின் ஏற்பாடுகளைத்தான். சொல்ல முடியாததைச் சொல்ல அவருக்கு ஒரு வழியும் கற்றுத்தர வேண்டும்.

இந்தக் கேள்வி எளிதில் வந்துவிடவில்லை. 1960களில் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் ஆட்டிசக் குழந்தைகளின் நடத்தையை மாற்ற அடியையும் மின்னதிர்ச்சியையும்கூடப் பயன்படுத்தினார். 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் செய்த ஆய்வு வேறு பாதையைக் காட்டியது. பாடம் கடினமாக இருப்பதால் முரண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியரின் கவனத்துக்கு ஏங்கும் பிள்ளைக்கு, தான் நன்றாகச் செய்கிறேனா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். தேவைக்குப் பொருந்திய சொல் கிடைத்ததும் முரண்டு குறைந்தது. பொருந்தாத சொல்லைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. என்னைப் பொறுத்தவரை இம்முறையின் பெருமை முழுவதும் இந்த ஆய்வில் இருக்கிறது. பிள்ளையை அடக்காமல், அவன் கேட்பதைப் புரிந்துகொண்டாலே போதும் என்று அது சோதித்துக் காட்டியது.

சிக்கல், இது அரசாங்கக் கொள்கையானபோது தொடங்கியது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரை அடுத்த வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பணியாளர்கள் அடித்துத் துன்புறுத்தியதை 2011இல் பிபிசி படம்பிடித்து ஒளிபரப்பியது. 11 பேர் தண்டிக்கப்பட்டனர்; அவர்களில் 6 பேர் சிறைக்குப் போனார்கள். அதன்பின் வந்த அரசு வழிகாட்டுதல்கள் நேர்மறை நடத்தை ஆதரவை முன்னிறுத்தின. ஆனால் இங்கிலாந்தின் சமூக சேவைக் குழுக்களிடையே ஏஞ்சலா ஹாசியோடிஸ் தலைமையில் நடந்து 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஏமாற்றமே தந்தது. பணியாளர்களுக்கு இம்முறையில் பயிற்சி கொடுத்த குழுக்களுக்கும் கொடுக்காத குழுக்களுக்கும் இடையே, ஓராண்டுக்குப் பிறகு குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முறையே தோற்றுவிட்டது என்று இதை நான் வாசிக்கவில்லை. பட்டறையில் உட்கார்ந்து எழுந்தவர் அதே ஆள் பற்றாக்குறைக்கும் அதே நெரிசலுக்கும் திரும்பிப் போனால், கற்றதை எங்கே செய்வார்?

ஆஸ்திரேலியாவில் நிலைமை இதைவிடச் சிக்கலானது. அங்கே தேசிய மாற்றுத்திறனாளர் காப்பீட்டுத் திட்டத்தைக் கண்காணிக்க 2018இல் ஓர் ஆணையம் வந்தது. தனியே அடைத்தல், மருந்தால் அடக்குதல், கருவிகளால் கட்டுதல், உடலைப் பிடித்து அமுக்குதல், சுற்றுப்புறத்தை மறித்தல் என ஐந்து கட்டுப்படுத்தும் நடைமுறைகளை விதிகள் வரையறுத்தன. இவற்றைக் கையாள வேண்டுமானால் அது அந்த நபருக்கான நடத்தை ஆதரவுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்; மாநிலத்தின் அனுமதிமுறை இருந்தால் அதுவும் வேண்டும். நோக்கம் நல்லது. விளைவைப் பாருங்கள். வற்புறுத்தலைக் கைவிடப் பிறந்த ஒரு முறையின் ஆவணம், வற்புறுத்தலைச் சட்டப்படி சரியாக்கும் ஆவணமாகவும் ஆகிவிட்டது.

2020–21இல் அனுமதியின்றி இந்நடைமுறைகள் பயன்படுத்தப்பட்டதாக ஆணையத்துக்கு வந்த அறிக்கைகள் 10 இலட்சத்தைத் தாண்டின. இந்த எண் குறைய இரண்டு வழிகள் உண்டு. பூட்டைத் திறந்துவிடலாம், அல்லது பூட்டுக்கு அனுமதி வாங்கிவிடலாம். குளிர்சாதனப் பெட்டியைப் பூட்டிவைத்திருக்கும் வீட்டில் திட்டம் எழுதப்பட்டு அனுமதி கிடைத்த மறுநாள், அந்தச் செயல் ‘அனுமதியற்றவை’ என்ற கணக்கிலிருந்து நீங்கிவிடும். பசியோடு அதன் முன் நிற்பவருக்கு எதுவும் மாறியிருக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான வன்முறையை விசாரித்த அரச ஆணையத்துக்காக 2023இல் கிளேர் ஸ்பிவகோவ்ஸ்கி, லிண்டா ஸ்டீல், தினேஷ் வாடிவெல் ஆகியோர் எழுதிய அறிக்கை, இந்நடைமுறைகள் ஒழிக்கப்பட வேண்டியவை என்று வாதிட்டது. இந்த வாதத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

ஆட்டிசம் கொண்ட பலர் இன்னும் அடியில் போய்க் கேட்கிறார்கள்: எந்த நடத்தை ‘பிரச்சினை’ என்று முடிவுசெய்வது யார்? கையை ஆட்டிக்கொள்வது, ஒரே பாதையில் நடப்பது, பிடிக்காத உணவைத் தள்ளிவிடுவது ஆகியவை பெரும்பாலும் பார்ப்பவருக்குத்தான் தொந்தரவு. அவற்றையும் குறைக்கக் கிளம்பினால், மென்மையான சொற்களில் பழைய அடக்குமுறையே திரும்புகிறது. வாழ்க்கைத் தரம் உயர்ந்ததா என்று பார்ப்பதே இம்முறையின் முதல் அளவுகோல் என அதன் முன்னோடிகள் எழுதினார்கள். விடுதிப் பதிவேடுகளிலோ பெரும்பாலும் இன்று எத்தனை முறை கத்தினார் என்பதுதான் இருக்கிறது.

இருந்தும் ஆஸ்திரேலிய ஏற்பாட்டை முற்றாகத் தள்ள எனக்கு மனமில்லை. 10 இலட்சம் என்ற எண்ணே அந்த ஏற்பாடு இருப்பதால்தான் வெளியே தெரிந்தது. கணக்கு இல்லாத நாடுகளில் கட்டுவதும் அடைப்பதும் குறைவாக நடக்கின்றன என்று யாரும் சொல்ல முடியாது. ஆதரவு தருவதும் அடக்க அனுமதி கொடுப்பதும் ஒரே தாளில் இருக்கக் கூடாது என்பதே என் முடிவு. நடத்தை வல்லுநர் காரணத்தைத் தேடட்டும். கட்டுவதா வேண்டாமா என்பதை, அந்த நிறுவனத்திடம் ஊதியம் வாங்காத ஒருவர், சம்பந்தப்பட்டவரைச் சந்தித்துக் கேட்டு முடிவுசெய்யட்டும்.

அதுவரை, இப்படியொரு நடத்தை ஆதரவுத் திட்டம் கைக்கு வரும் குடும்பங்களிடம், ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, ஒரு வேண்டுகோள். வீடும் பணியாளர்களும் எதை மாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். பூட்டும் மருந்தும் எப்போது நிறுத்தப்படும் என்று தேதி கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள்.