விடுபட்ட வாக்கியம்

அடையாற்றுக் கரையை அடுத்த கிரீன்வேஸ் சாலையிலே 'மல்லிகை' என்றொரு மாளிகை. பெயரிலே மணம், உள்ளேயோ, 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையின் புலன்விசாரணை!

குண்டுவெடிப்பில் மாண்ட அரிபாபுவின் கேமரா, கண்டதை மட்டும் காட்டிற்று. வாக்குமூலமோ? ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கியதாகப் பேரறிவாளன் கூறியதை எழுதினார் சி.பி.ஐ. அதிகாரி தியாகராசன், எதற்கென்று தெரியாது என்றதை எழுதாமல் விட்டார். 2013இல் அவரே ஒப்புக்கொண்டார்! பள்ளிப் பிள்ளை ஒரு சொல்லை விட்டால் நாம் அரை மதிப்பெண் குறைக்கிறோம், தோழர்களே. இங்கு விடப்பட்டதோ ஓர் உயிரின் வாக்கியம்.

தடாக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது 1999இல் உச்சநீதிமன்றம். ஆயினும் தடாவின்படி காவல் அதிகாரி எழுதிய வாக்குமூலம் செல்லுமாம்! தூக்குத் தண்டனை பெற்ற 26 பேரில் 19 பேர் விடுதலை. பேரறிவாளனுக்குத் தூக்கு உறுதி. 2014இல்தான் அது ஆயுள் தண்டனையாயிற்று. பத்தொன்பது வயதில் சிறைபுகுந்தவர் விடுதலை பெற்றது 2022 மே 18இல்.