‘ஆரு சொன்ன?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள்

செயற்கை நுண்ணறிவும் ஒழுக்கமும் என்று பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் பேச்சைத் தொடங்கினால், அது பெரும்பாலும் ஒப்படையில் போய் நின்றுவிடுகிறது. சாட்ஜிபிடி கொண்டு எழுதலாமா, எழுதினால் கண்டுபிடிக்கலாமா, புள்ளியைக் குறைப்பதா? தேவையான கேள்விகள்தான். ஆனால் இவை பரீட்சை மண்டபத்து ஒழுங்கோடு முடிந்துவிடுகின்றன. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட பரிந்துரையோ பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, பாகுபாடின்மை என்று விரிகிறது. இந்தச் சொற்களுக்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. அம்பாறை போதும்.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகச் சண்டை மூண்டது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரரை வளைத்து நின்று எடுத்த பதில், காணொளியாகி முகநூலில் ஓடியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மாத்திரை என்று சொல்லப்பட்டது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. மார்ச்சில் திகன எரிந்தது. அரசாங்கம் முகநூலையே சில நாட்கள் முடக்கியது.

காணொளியை எடுத்ததும் பகிர்ந்ததும் மனிதர்கள். ஆனால் யாருடைய திரையில் எது முதலில் வரும் என்பதைத் தீர்மானித்தது இயந்திரக் கணிப்பு. ஆட்கள் எதற்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுவார்களோ அதை மேலே தூக்கிவிடுவது அதன் வேலை. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைப் பிரித்தறிய, அந்த நிறுவனத்திடம் போதிய ஆட்களும் இருக்கவில்லை. தாமே செய்வித்த மனித உரிமை மதிப்பீடு வெளியானபோது, 2020 மே மாதம், அது மன்னிப்புக் கேட்டது. உடைந்த கடைக்கு அந்த மன்னிப்பு என்ன பெறுமதி? ஒழுக்கம் பற்றிய வகுப்பு இங்கிருந்து தொடங்க வேண்டும்.

இதைப் பேசுவதற்கு நம்மிடம் சொந்தக் கருவியும் உண்டு. வந்த செய்தியை விசாரித்தறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்பது சூரத்துல் ஹுஜுராத் தரும் எச்சரிக்கை. ஹதீஸ் கலை அந்த எச்சரிக்கையை ஒரு துறையாகவே வளர்த்தது. அறிவிப்பாளர் யார், நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி, இன்னாரை அவர் சந்தித்திருக்க முடியுமா என்று சனதை ஆராய்ந்தார்கள், மத்னையும் விடவில்லை. நம் வீடுகளில் ‘ஆரு சொன்ன?’ என்று கேட்பதும் இதுதான். செயற்கை நுண்ணறிவு தரும் பதிலுக்கோ சனது இல்லை. மூலத்தைக் காட்டும் கருவிகளும் உண்டு, உண்மை. ஆனால் இல்லாத நூலை இருப்பதாகவும் அவை சொல்லும். திறந்து பார்க்கும் பொறுப்பு வாசிப்பவருடையது.

இது நம் சமூகத்துக்கு மட்டும் உரிய பயம் அல்ல. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12 வாவிக்கு அப்பால், கொக்கட்டிச்சோலைப் பக்கம் மகிழடித்தீவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு 67 பேர் என்று பதிந்தது. இரண்டுக்கும் சாட்சிகள் உண்டு, பெயர்கள் உண்டு. நாளைய பிள்ளை இவற்றை ஓர் இயந்திரத்திடம் கேட்டால், யார் சொன்னது என்ற தடமே இல்லாத நான்கு வரிகள் கிடைக்கலாம். அந்த நான்கு வரியில் எவருடைய மையித்து விடுபட்டது என்று கேட்க, ஊர் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே இந்த உரையாடலைக் கணினித்துறையிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒலுவிலில் தொழினுட்பம் படிக்கிறவரும் இஸ்லாமிய கற்கை படிக்கிறவரும் ஒரே மேசையில் இருக்கட்டும். அங்கே சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அம்பாறைக் கதையை அவர்கள் இல்லாமல் பேசுவதில் பயனில்லை. வந்தாறுமூலைப் பிள்ளைகளும் வரட்டும். மற்றவருடைய ஊரைப் பற்றி இயந்திரம் சொன்னதை எடுத்து, மூலம் தேடிச் சரிபார்ப்பதே முதல் பயிற்சியாகட்டும். காத்தான்குடியைக் கொக்கட்டிச்சோலைப் பிள்ளையும், கொக்கட்டிச்சோலையைக் காத்தான்குடிப் பிள்ளையும் சரிபார்த்தால், ஒப்படை எழுதியது யார் என்ற விசாரணையைவிட அது பெரிய பாடம்.