கோச்சியும் ஏடும்: நிறுவனச் சஞ்சிகைகளின் எண்ணிமச் சேமிப்பும் மலையக இலக்கிய ஆய்வும்

இலக்கிய வரலாற்றுக்குரிய சான்றுகள் யாவை என்ற வினா இன்று புதியதொரு வடிவிலே நம்முன் எழுந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புகையிரத நிறுவனங்கள் தம் ஊழியர்க்கென வெளியிட்டுவந்த சஞ்சிகைகள் பக்கம் பக்கமாக எண்ணிமப்படுத்தப்பட்டு, ஆய்வாளர் எவரும் தம் இருப்பிடத்திலிருந்தே நோக்கக்கூடிய நிலையை எய்தியுள்ளன. இங்கிலாந்தில் 1888இல் தோன்றிய கிரேட் வெஸ்ரேண் றெயில்வே சஞ்சிகையும், 1926 மே மாதம் முதல் 1940 ஜூன் வரை வெளிவந்த நியூசிலாந்துப் புகையிரதச் சஞ்சிகையும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. பின்னையதன் இதழ்கள் வெலிங்டன் விக்டோரியாப் பல்கலைக்கழகத்தின் மின்னூற் சேகரத்தில் முழுமையாக வாசிக்கக் கிடைக்கின்றன. இவற்றை வெறும் விளம்பரத் தாள்கள் எனத் தள்ளிவிடுவதும், மறைந்துபோன பொற்காலமொன்றின் நினைவுச் சின்னங்கள் எனப் போற்றுவதும் ஒருங்கே தவறாகும். இவை எத்தகைய எழுத்து, எவர் தேவைக்காக எழுந்தன, இவற்றின் முன் மலையக ஆய்வாளராகிய நாம் எவ்வாறு நிற்பது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கவை.

நிறுவனச் சஞ்சிகையை ஓர் இலக்கிய வகையாகவே கொள்ளுதல் வேண்டும். பதவி உயர்வு, ஓய்வு, மரணம், திருமணம், நிலையத் தோட்டப் போட்டி, விளையாட்டு, பயணக் கட்டுரை, ஊழியரின் கவிதை என அதற்கென ஓர் உள்ளடக்க ஒழுங்கு உண்டு. நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெறும் சமிக்ஞைக்காரனின் நிழற்படமும், பங்குதாரர் கூட்டத்திலே தலைவர் ஆற்றிய உரையும் ஒரே இதழில் அடுத்தடுத்து அமைகின்றன. இவ்வடுக்கு முறையே அதன் கருத்துநிலையாகும். முரண்பட்ட நலன்களுடைய இரு வர்க்கங்கள் அச்சுப் பக்கத்திலே ஒரு குடும்பமாகின்றன. குடும்பம் என்ற உருவகம் கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிய வினாக்களை எழவொட்டாது தடுக்கின்றது.

இவ்வுருவகம் எப்போது தேவைப்பட்டது என்பதை நோக்குமிடத்து உண்மை தெளிவாகின்றது. கிரேட் வெஸ்ரேண் சஞ்சிகை தொடக்கத்தில் ஊழியரின் மதுவிலக்குச் சங்கத்தினுடையதாகவே இருந்தது. 1904இல் நிறுவனம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. பிரித்தானியப் புகையிரதத் தொழிலாளரின் முதலாவது நாடளாவிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது 1911இல். நியூசிலாந்திலே புகையிரதத் தொழிலாளர் 1924இல் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டாண்டின் பின் அங்கு சஞ்சிகை தோன்றியது. காலவரிசை ஒன்றே காரணத்தை நிறுவிவிடாது என்பது உண்மையே. ஆயினும் எழுத்தறிவு பெற்றதும் சங்கம் அமைத்ததுமான தொழிலாளர் படையொன்று உருவான காலமே இச்சஞ்சிகைகளின் வளர்ச்சிக் காலமாகவும் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கட்டளையால் மட்டும் ஆளவியலாத இடத்தில் இசைவைப் பெறவேண்டியுள்ளது. அவ்விசைவைப் பெறுதற்கு அச்சு வாய்ப்பான கருவியாகும்.

எனினும் இசைவைப் பெறுவதற்கு ஒரு விலை உண்டு. தொழிலாளரின் பெயரை அச்சிட வேண்டும். அவர்தம் எழுத்துக்கு இடமளிக்க வேண்டும். நியூசிலாந்துச் சஞ்சிகையில் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் கோவனும் நாவலாசிரியை றொபின் ஹைடும் எழுதினர். அரச திணைக்களத்தின் விளம்பர ஏடு ஒரு நாட்டின் இலக்கிய மேடைகளுள் ஒன்றாகவும் அமைந்தது. இம்முரண்பாட்டைக் காணாத வாசிப்பு, மார்க்சியத்தின் பெயரால் நிகழினும், இயந்திர வாசிப்பே ஆகும்.

இனி நமது மலையகத்துக்கு வருவோம். இலங்கைப் புகையிரதப் பாதையின் வரலாறு பெருந்தோட்டத்தின் வரலாறாகும். 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்த பாதை, முதலிற் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென மலையேறியதாகும். இறம்பொடைக்குப் புகையிரதம் வந்ததில்லை. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலே மாட்டுவண்டியும் மனிதத் தோளுமே அங்கு சரக்கைச் சுமந்தன. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காடுகடந்து நடந்து வந்தோரின் சந்ததியினர்க்கு, 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பற் சேவையும் தொடங்கிய பின்னரே தென்னிந்திய றெயில்வேயும் இலங்கைக் கோச்சியும் ஒரே பயணத்தின் இரு பகுதிகளாயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியோர் என வகுத்தபின், அதே கோச்சி அவர்களை எதிர்த்திசையிலே கொண்டு சென்றது. ஏற்றுமதிப் பொருளுக்கென இடப்பட்ட பாதை மனிதரையும் ஏற்றுமதி செய்தது.

இத்தகைய வரலாற்றினூடே, புகையிரதச் சஞ்சிகைக்கு ஒப்பானதாய்த் தோட்டத் தொழிலாளரை நோக்கித் தமிழிலே பேசும் நிறுவன ஏட்டு மரபொன்று வளரவில்லை. இவ்வின்மையே நமக்கு முக்கியமான சான்றாகும். ஓய்வு பெறும் கொழுந்தெடுப்பாளின் படம் எந்த ஏட்டிலே வரும்? துரைத்தனம் தொழிலாளியோடு பேசியது பிரட்டுக்களத்திலே, எழுதியது செக்றோலிலே. கங்காணியின் கடனும், 1921இற் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரை நிலவிய துண்டு முறையும், லயத்து வாழ்வும் தொழிலாளியைப் பிணித்திருந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அரசியற் பிணிப்பொன்றையும் சேர்த்தது. பொருளாதாரத்துக்குப் புறம்பான வற்புறுத்தல் கைவசமிருந்த ஓர் உற்பத்தி முறைக்குக் குடும்பம் என்ற அச்சு உருவகம் தேவைப்படவில்லை. ஆங்கே தந்தைமை உண்டு. ஆனால் அது பிரசுரமாக வேண்டியதில்லை. துரை ‘பெரிய’ துரையாயிருந்தாலே போதுமானதாயிற்று.

ஆகவே மலையகத்தில் தொழிலாளரை நோக்கிய அச்சு, முதலாளியிடமிருந்தன்றி அவனுக்கெதிராகவே தோன்றியது. கோ. நடேசய்யரின் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகியவற்றையும், 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அவர் அமைத்த தொழிலாளர் சம்மேளனத்தையும் இந்நோக்கிலே காண்டல் வேண்டும். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடிய பாடல்கள் சிறு பிரசுரமாக வெளிவந்தமை, வாய்மொழியும் அச்சும் இங்கு பிரிவுபடாதிருந்தமையைக் காட்டும். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்திற் கவிதை எழுதியதோடு மலைநாட்டு மக்களின் பாடல்களையும் திரட்டினார். ஊழியர் சஞ்சிகை வகிக்கத்தக்க இடத்தை ஈண்டு நாட்டார் பாடலும் தொழிற்சங்கப் பத்திரிகையுமே வகித்தன எனலாம்.

இம்மரபையும் நாம் விமர்சனமின்றி ஏற்றல் தகாது. இறம்பொடை வேவண்டன் தோட்டத்தின் வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாகும். தொழிலாளியாக வந்து கங்காணியாகிப் பின் தோட்ட உரிமையாளருமான ஒருவரின் மகனே, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் நெடுங்காலத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். உரிமையாளர் குடும்பத்தவர் தொழிலாளரின் தலைவராகவும் விளங்கிய நிலையிலே, சங்க ஏடுகளும் தமக்கேயுரிய குடும்ப உருவகத்தைக் கையாண்டனவா என்ற வினா எழுகின்றது. நிறுவன ஏட்டுக்குப் பிரயோகித்த அளவுகோலைச் சங்க ஏட்டுக்கும் பிரயோகிப்பதே நேர்மையான திறனாய்வாகும்.

எண்ணிமச் சேமிப்பு இச்சமமின்மையைத் தானே நீக்கிவிடுவதில்லை. சில வகைகளில் அதனைப் பெருக்கவும் கூடும். பேர்குசன் குடும்பத்தார் 1881இல் கொழும்பிலே தொடங்கிய ‘ட்ரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ற்’ என்னும் தோட்டத்துறைச் சஞ்சிகை இன்று சர்வதேச எண்ணிம நூலகங்களிலே சொல் சொல்லாகத் தேடத்தக்கதாய் உள்ளது. கூலி என்ற ஆங்கில வழக்கைத் தேடுவோர்க்கு எண்ணிறந்த இடங்கள் கிடைக்கும். அவ்விடங்களில் தொழிலாளி தொகையாகவும் செலவாகவும் வருவான். பெயரோடு வருவது அரிது. தமிழ் ஏடுகளோ, கிடைத்தவிடத்தும், பெரும்பாலும் பக்கப் படிமங்களாகவே உள்ளன. பழைய அச்செழுத்தும் மங்கிய தாளும் கணினி வாசிப்புக்கு இடர் விளைக்கின்றன. இதன் விளைவு யாது? விரைந்து தேடும் இளம் ஆய்வாளனுக்குத் துரையின் சொல் நொடியிலே கிட்டுகின்றது. தொழிலாளியின் சொல்லுக்கு நாட்கணக்கிலே கண் நோகவேண்டியிருக்கின்றது. எளிதிற் கிட்டுவதே வரலாறு என்ற மயக்கம் இவ்வாறே தோன்றுகின்றது.

இந்நிலையிலே 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி பெருமதிப்புக்குரியது. ஈழத்து ஏடுகளையும் மலையக ஏடுகளையும் எவரும் இலவசமாக வாசிக்கும் வண்ணம் அது திறந்து வைத்துள்ளது. எனினும் சேமிப்பு அச்சான ஏட்டோடு நின்றுவிடின், அச்சேறாத வர்க்கம் மீண்டும் வெளியே நிற்கும். தோட்டப் பாடசாலைப் பதிவேடு, சங்கச் சந்தாச் சீட்டு, கோயில் திருவிழா அறிவித்தல், கருமாதிப் பத்திரிகை, இந்தியாவுக்குச் சென்றோர் எழுதிய கடிதம் ஆகியவையே நமது ஊழியர் சஞ்சிகையின் சிதறிய பக்கங்களாம். கிரேட் வெஸ்ரேண் ஏட்டிலே ஒரு சமிக்ஞைக்காரனின் மரணச் செய்தி பெற்ற இடத்தை, நம்மிடையே ஒரு கருமாதிப் பத்திரிகையே பெறுகின்றது. லயத்துக் கூரையின் ஒழுக்கும் மண்சரிவும் இவற்றை அழித்து வருகின்றன.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானான். அவன் பெயர் நிலைத்தது, மக்கள் அதனை நினைவிற் காத்தமையாலும் சங்கங்கள் அதனை மீளமீளச் சொன்னமையாலுமே. எல்லாப் பெயர்க்கும் இவ்வாய்ப்புக் கிட்டியதில்லை. மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தமை, அவ்வாறு விடுபட்டோரை நினைவுகூரும் செயலாகவும் அமைந்தது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் முன் இரு பணிகள் உள. நிறுவன ஏடுகளை அவற்றின் மௌனங்களோடு சேர்த்து வாசிக்கும் முறையைப் பயிற்றல் ஒன்று; படிமங்களாக உறங்கும் தமிழ் ஏடுகளுக்கு ஆட்பெயர், தோட்டப்பெயர், நிகழ்ச்சி என்பவற்றின் அகராதியைத் தோட்டம் தோட்டமாகத் தொகுத்தல் மற்றொன்று. பின்னையது பெரும் பொருட்செலவின்றி மாணவர் குழுக்களாலேயே தொடங்கத்தக்கது. இறம்பொடைத் தோட்டமொன்றின் பெயரைத் தேடுகையில், அங்கு விளைந்த தேயிலையின் இறாத்தலோடு அதனைப் பறித்தவளின் பெயரும் கிடைக்கும்போதே, எண்ணிம நூலகம் மக்கள் நூலகமாகும்.